கடலோர ஷின்டோ ஆலயம்: நான்கில் எதற்கு ஒரு நாளைக் கொடுப்பது?

ஜப்பான் பயணத் திட்டத்தை வரைந்துகொண்டிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாசலைப் பார்க்க ஆசை. ஆனால் அதற்காக ஹிரோஷிமா வரை போவது கட்டுப்படியாகுமா? டோக்கியோ பக்கத்திலேயே அதுபோல ஒன்று இருக்கிறதாமே?"

இருக்கிறது. தீவு நாட்டில், அதன் மரபுச் சமயமான ஷின்டோவின் கடலோர ஆலயங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று மாற்று என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஓர் ஆலயம் கடலின் ஏற்ற இறக்கத்தை நம்பி நிற்கிறது, இன்னொன்று விடியலை. மற்றொன்றில் கடல் காலடியில் மோதுகிறது, சாமியோ குகைக்குள் இருக்கிறது.

ஒப்பிட நான்கை எடுத்துக்கொண்டேன்: ஹிரோஷிமா அருகே இட்சுகுஷிமா, இசே அருகே ஃபுதாமி ஒகிதாமா, டோக்கியோவிலிருந்து போய்வரக்கூடிய ஓஆராய் இசோசாகி, கியூஷூவின் தென்கிழக்குக் கரையில் உடோ. யமகுச்சி மாகாணத்தில் 123 சிவப்பு வாசல்கள் மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மோதோனோசுமி ஆலயத்தின் படத்தையும் பலர் பார்த்திருப்பார்கள். அழகுதான். ஆனால் அது 1955-இல் நிறுவப்பட்டது. பழமையைத் தேடுபவர்களுக்கான பட்டியலில் அதற்கு இடமில்லை.

## எதை வைத்து அளப்பது?

நுழைவுக் கட்டணத்தை மறந்துவிடுங்கள். நான்கில் இட்சுகுஷிமா மட்டுமே 300 யென் வாங்குகிறது. மற்றவை இலவசம். செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். நீங்கள் படத்தில் பார்த்த காட்சி எந்த மணிக்கு, எந்த மாதத்தில் நிகழ்கிறது? அந்த மணிக்கு நீங்கள் அங்கே இருக்க முடியுமா? கடலோர ஆலயங்களில் பாதி ஏமாற்றம் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருவது.

இரண்டாவது, அந்த மணிக்கு அங்கே நிற்க ஓர் இரவு தங்க வேண்டுமா என்பது. வேண்டும் என்றால் ரயில் கட்டணத்தைவிட அறை வாடகை பெரிதாகிவிடும். மூன்றாவது, படம் எடுத்த பிறகு மிச்சம் என்ன? அரை மணியில் முடியும் இடமா, அரை நாள் நிற்க வைக்கும் இடமா? நான்காவது முழங்கால். பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இதையே முதலில் வைத்துக்கொள்ளலாம்.

| ஆலயம் | வசதியான தளம் | ஒருவழிப் பயணம் | காட்சி எதை நம்பியிருக்கிறது | இரவு தங்க வேண்டுமா | படிகள் |
|---|---|---|---|---|---|
| இட்சுகுஷிமா | ஹிரோஷிமா, ஒசாகா | ஹிரோஷிமாவிலிருந்து சுமார் 1 மணி, ஒசாகாவிலிருந்து சுமார் 2½ மணி | கடல் ஏற்றம், இறக்கம் | தங்கினால் நல்லது | மிகக் குறைவு |
| ஃபுதாமி ஒகிதாமா | இசே, நகோயா | நகோயாவிலிருந்து சுமார் 2 மணி | மே முதல் ஜூலை வரை விடியல் | விடியலுக்கு மட்டும் | குறைவு |
| ஓஆராய் இசோசாகி | டோக்கியோ | 2 முதல் 2½ மணி | விடியல், அலை | விடியலுக்குக் கட்டாயம் | ஆலயத்துக்குச் செங்குத்தான படிகள் |
| உடோ | மியாசாகி | பஸ்ஸில் சுமார் 1½ மணி | பகலில் எப்போதும் | மியாசாகியில் தங்க வேண்டும் | நிறைய |

## இட்சுகுஷிமா: பஞ்சாங்கம் பார்த்துப் போக வேண்டிய இடம்

மியாஜிமா தீவில் இருக்கும் இந்த ஆலயம் 593-இல் தோன்றியதாக மரபு சொல்கிறது. இன்று நாம் காணும் அமைப்பு 1168-இல் போர்க்குலத் தலைவர் தைரா நோ கியோமோரி வகுத்தது. தீவு முழுவதையுமே புனிதமாகக் கருதியதால் மண்ணில் கட்டாமல் கடல் ஏறி இறங்கும் இடத்தில் கட்டினார்கள் என்பார்கள். இப்போதுள்ள கருவறைக் கட்டடம் 1571-இல் மோரி குலத்தார் புதுப்பித்தது. 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கடலில் நிற்கும் பெரிய தோரி வாசல் 1875-இல் எழுப்பப்பட்டது. உயரம் ஏறத்தாழ 16.6 மீட்டர், எடை சுமார் 60 டன். கற்பூர மரத்தாலான அதன் பெருந்தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. தன் எடையாலேயே நிற்கிறது. 2019-இல் பழுதுபார்க்க மறைத்துக் கட்டிய சாரம் 2022 முடிவில்தான் பிரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் போனவர்கள் பார்த்தது பெரும்பாலும் சாரத்தைத்தான்.

இனி கடிகாரம். நீர்மட்டம் 250 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆலயம் மிதப்பதுபோல் தெரியும். 100-க்குக் கீழே போனால் வாசலின் அடி வரை மணலில் நடக்கலாம். இரண்டையும் பார்க்காமல் திரும்பினால் பாதி ஆலயத்தைப் பார்த்த கணக்குதான். இங்கே நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் பாதி வேலையை முடித்துவிடும். அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு ஓரிரு நாள் பின் என்று பார்த்துப் போங்கள். அந்த நாள்களில் கடல் அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும். ஹிரோஷிமா வளைகுடாவில் அப்போது ஏற்றம் காலை ஒன்பது, பத்து மணி வாக்கிலும் இறக்கம் பிற்பகல் மூன்று, நான்கு மணி வாக்கிலும் அமையும். ஒரே பகலில் இரண்டும் கிடைத்துவிடும். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் கடல் அரைமனதாக ஏறி அரைமனதாக இறங்கும். வாசலடிக்கு நடக்க முடியாமலே போகலாம். துல்லியமான அட்டவணையை மியாஜிமா சுற்றுலாச் சங்கம் வெளியிடுகிறது. விமான டிக்கெட் எடுத்தபிறகாவது அதைப் பார்த்து, பயணத்துக்குள் நாள்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மறைவான செலவுகளில் பெரியது ரயில். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஹிரோஷிமாவுக்கு ஒருவழி ஏறக்குறைய 4 மணி நேரம், 20,000 யென்னை நெருங்கும் கட்டணம். ஒசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், கட்டணமும் பாதியளவு. முன்பு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில் பாஸ் வாங்கினால் இந்தத் தூரம் உறுத்தாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென்னுக்கு ஏறியபிறகு அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. ஆகவே டோக்கியோவில் மட்டும் தங்கியிருப்பவர் இதற்காக ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்திருந்து, கடல் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் பார்த்துவிட்டு வரும் பயணம் அது. கியோட்டோ, ஒசாகா பக்கம் எப்படியும் போகிறவர்களுக்குக் கணக்கு முற்றிலும் மாறுகிறது.

சின்னச் செலவுகள்: மியாஜிமாகுச்சி துறையிலிருந்து படகு பத்து நிமிடம். அதனுடன் 2023 அக்டோபர் முதல் ஆளுக்கு 100 யென் வருகை வரி. ஜேஆர் படகுக்கு ரயில் பாஸ் செல்லும், வரிக்குச் செல்லாது. தீவில் சுற்றும் மான்கள் காகிதத்தை விரும்பித் தின்னும். வரைபடம், டிக்கெட் இரண்டையும் பையின் உள்ளறையில் வையுங்கள்.

தங்குவதா வேண்டாமா? காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை ஆலயத்தின் நடைபாதையில் நிற்க இடமிருக்காது. ஒருவழிப் பாதை என்பதால் பின்னால் வருபவர்கள் உங்களை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். ஆலயம் காலை 6:30-க்குத் திறக்கிறது. அந்த நேரத்தில் தீவில் இருப்பவர்கள் முந்தின இரவு அங்கேயே தங்கியவர்கள்தான். இரவில் விளக்கொளியில் வாசலைப் பார்க்கும் பேறும் அவர்களுக்கே. பாரம்பரிய விடுதி அறைகள் இரு வேளைச் சாப்பாட்டுடன் விலை கூடியவை. நீங்கள் சைவம் என்றால், சாப்பிட முடியாத சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சாப்பாடு சேராத அறையைத் தேடுங்கள், அல்லது முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மீன்துருவலில் கொதிக்கவைத்த சாறு இல்லாமல் ஜப்பானியச் சமையல் அரிது. காய்கறி மட்டும் தெரியும் உடோன் நூடுல்ஸ் கிண்ணத்திலும் அந்தச் சாறுதான் இருக்கும். தீவின் பெயர்பெற்ற மேப்பிள் இலைப் பண்டமான மோமிஜி மஞ்ஜுவில் முட்டை உண்டு.

படத்துக்கு அப்பால் மிச்சம் நிறைய. 535 மீட்டர் மிசென் மலை, அதன் அடிவாரத்தில் தைஷோ-இன் பௌத்தக் கோயில், கடல்மேல் அமைந்த, 'நோ' என்ற மரபு நாடகத்துக்கான மேடை. இன்னொன்று நம்மவர்களுக்கு. இந்த ஆலயத்தின் தெய்வங்கள் மூன்று பெண் தெய்வங்கள். அவர்களில் இச்சிகிஷிமாஹிமேயைப் பல நூற்றாண்டுகளாகப் பென்சாய்தென்னோடு ஒன்றாக வணங்கினார்கள். பென்சாய்தென் என்பவள் பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதி. வீணைக்குப் பதில் கையில் பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவி. 1868-இல் மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது, பென்சாய்தென் சிலை ஆலயத்தை ஒட்டிய தைகன்-ஜி கோயிலுக்குப் போனது. பெரும்பாலானோர் அந்தக் கோயிலைக் கடந்து படகுக்கு ஓடிவிடுகிறார்கள்.

## ஃபுதாமி ஒகிதாமா: தனியாகப் போனால் இருபது நிமிடம்

மியே மாகாணத்தின் கரையில் இரண்டு பாறைகள். பெரியது 9 மீட்டர், சிறியது 4 மீட்டர். இரண்டையும் 35 மீட்டர் நீள வைக்கோல் புரிக்கயிறு இணைக்கிறது. கணவன் மனைவிப் பாறைகள் என்பார்கள். வழிபாடு உண்மையில் இந்தப் பாறைகளுக்கு அன்று. சுமார் 700 மீட்டர் அப்பால் கடலடியில் இருக்கும் புனிதக் கல்லுக்கும் உதயசூரியனுக்கும் இவை வாசலாக நிற்கின்றன. கயிற்றை மே 5, செப்டம்பர் 5, டிசம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை மாற்றுகிறார்கள்.

மே முதல் ஜூலை வரை சூரியன் இரு பாறைகளுக்கும் நடுவே எழும். ஆண்டின் மிக நீண்ட பகலான கோடைக் கதிர்த்திருப்ப நாளில் வெண்ணிற ஆடையுடன் பக்தர்கள் கடலில் இறங்கி நீராடும் விழாவும் உண்டு. வானம் தெளிந்திருந்தால் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஃபூஜி மலை தெரியும். ஆனால் ஜூனில் அங்கே சூரியன் எழுவது காலை 4:40 வாக்கில். அந்நேரத்துக்கு எந்த ரயிலும் உங்களைக் கொண்டுவந்து சேர்க்காது. ஃபுதாமியிலேயே தங்க வேண்டும். ஜூன் மழைக்காலம் என்பதால், அறைக்குப் பணம் கட்டிவிட்டு மேகத்தைப் பார்த்துத் திரும்பும் வாய்ப்பும் தாராளமாக உண்டு.

வெளிப்படையாகச் சொன்னால், பாறைகள் படத்தில் தெரிவதைவிடச் சிறியவை. அதற்காக மட்டும் நகோயாவிலிருந்து இரண்டு மணி நேரம் வர வேண்டாம். இதன் மதிப்பு, ஷின்டோவின் தலையாய ஆலயமான இசே பெருஆலயத்தோடு சேர்ந்தது. இசேக்கு வரும் யாத்ரீகர்கள் முதலில் ஃபுதாமிக் கடலில் உடலைத் தூய்மை செய்துகொண்டு, பிறகு வெளி ஆலயம், அதன்பின் உள் ஆலயம் என்று போவது பழைய முறை. அந்த வரிசையில் நீங்களும் போனால் ஒரு நாள் நிறைவாக அமையும். இசேயின் கட்டடங்களை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013, அடுத்தது 2033.

ரயிலில் ஒரு பொறி இருக்கிறது. நகோயாவிலிருந்து 'மியே' விரைவு ரயில் ஜேஆர் வண்டிதான், ஆனால் நடுவே இசே ரயில்வே என்ற தனி நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடும். ரயில் பாஸ் வைத்திருந்தாலும் அந்தத் துண்டுக்குத் தனியே கட்ட வேண்டும். ஒசாகாவிலிருந்து வசதியானது கின்தெத்சு ரயில். அதில் ஜேஆர் பாஸ் செல்லவே செல்லாது. சைவர்களுக்கு ஓர் ஆறுதல்: இசேயின் அகாஃபுகு பலகாரம் அரிசி மாவுருண்டை மேல் இனிப்புப் பயறு விழுது. முட்டை, மீன் தொல்லை கிடையாது.

## ஓஆராய் இசோசாகி: டோக்கியோவாசிக்கு, குளிர்காலத்தில்

இபராகி மாகாணத்தில், பசிபிக் பெருங்கடல் நேராக வந்து மோதும் பாறைகள்மேல் ஒரு தோரி வாசல். 856-இல் தெய்வங்கள் வந்திறங்கிய இடமாக அந்தப் பாறையைச் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் அழிந்த ஆலயத்தை 1690-இல் மிதோ பகுதியை ஆண்ட தோகுகாவா மிட்சுகுனி மீண்டும் எழுப்பத் தொடங்கினார். ஆலயம் மேட்டில், வாசல் கடலில், நடுவே சாலை. பாறைக்கு இறங்க அனுமதி கிடையாது. கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கே ஏற்ற இறக்கம் முக்கியமில்லை, கிழக்குத்தான் முக்கியம். ஜூனில் சூரியன் 4:20 வாக்கில் எழுந்துவிடும். ஜனவரியில் 6:50 வாக்கில். ஆகவே இது குளிர்காலத்துக்கான ஆலயம். ஆனாலும் டோக்கியோவின் முதல் ரயிலைப் பிடித்து வந்து விடியலைப் பார்க்க முடியாது. ஓஆராயில் ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் வந்தாலும் அலை அடிக்கும் காட்சி குறைவில்லை, ஆனால் விளம்பரப் படங்களில் இருக்கும் பொன்னொளி இருக்காது. டோக்கியோவின் உயெனோ நிலையத்திலிருந்து மிதோவுக்கு விரைவு ரயில், அங்கிருந்து காஷிமா கடலோர ரயில், பிறகு பஸ் என்று மூன்று வண்டி மாற வேண்டும். சிறிய ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இடையே காத்திருக்கும் நேரம்தான் பயணத்தை நீட்டுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் மிதோவின் கைராகு-என் தோட்டத்துப் பிளம் பூக்களோடு சேர்த்துக்கொண்டால் அலைச்சலுக்குப் பொருள் இருக்கும்.

அதுவும் தூரம் என்பவர்களுக்கு எனோஷிமா. ஷிஞ்ஜுகுவிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம். கடலில் நிற்கும் வாசல் கிடையாது, கூட்டமும் கடைகளும் அதிகம். ஆனால் தீவில் எட்டுக் கைப் பென்சாய்தென் சிலை இருக்கிறது. சரஸ்வதி ஆயுதம் ஏந்திய கோலத்தைப் பார்க்க விரும்பினால் காமகுராவோடு சேர்த்து ஒரு நாளில் முடிக்கலாம்.

## உடோ: என் ஓட்டு இதற்குத்தான், நிபந்தனையோடு

மியாசாகி மாகாணத்தில் நிச்சினான் கரையில், செங்குத்துப் பாறையின் குகைக்குள் சிவப்பு வண்ண ஆலயம். பொதுவாக ஆலயத்துக்கு ஏறிப் போவார்கள், இங்கே கடலை நோக்கி இறங்கிப் போகிறோம். இப்போதைய குகைக் கட்டடத்தின் மூலம் 1711-ஐச் சேர்ந்தது.

கதை இதுதான். கடல் தெய்வத்தின் மகள் தொயோதமாஹிமே பிள்ளைபெறக் கரைக்கு வருகிறாள். நீர்க்காகத்தின் இறகுகளால் கூரை வேய்கிறார்கள். கூரை முடிவதற்குள் வலி வந்துவிடுகிறது. பார்க்காதே என்று சொல்லியும் கணவன் எட்டிப் பார்க்கிறான். கடல்விலங்கின் உருவில் அவளைக் கண்டுவிடுகிறான். நாணிப்போன அவள் குழந்தையை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறாள். பிள்ளை பசியாறத் தன் மார்பைக் குகைச் சுவரில் விட்டுச்சென்றாளாம். அந்தப் பாறையிலிருந்து இன்றும் நீர் சொட்டுகிறது. அந்த நீர் சேர்த்துச் செய்த மிட்டாய் விற்கிறார்கள். தாய்மார்களும் கருவுற்றவர்களும் தேடி வருவது இதனால்தான். அந்தக் குழந்தையின் மகனே ஜப்பானின் முதல் பேரரசர் என்று மரபு சொல்லும் ஜிம்மு.

குகைக்கு எதிரே ஆமை வடிவப் பாறை. அதன் முதுகில் கயிறு வளைத்த ஒரு குழி. சுட்ட களிமண் உருண்டைகளை வாங்கி எறிய வேண்டும். ஆண்கள் இடக்கையால், பெண்கள் வலக்கையால். குழியில் விழுந்தால் வேண்டியது நடக்கும் என்பார்கள். குழந்தைகளோடு போனால் இங்கிருந்து கிளப்புவது கடினம்.

பகலில் எந்த மணிக்கும் போகலாம், எந்த மாதமும் போகலாம் என்பது இதன் பெரிய பலம். பலவீனம் தூரம். ஷின்கான்சென் மியாசாகிக்கு வராது. டோக்கியோவிலிருந்து விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் வாக்கில். அங்கிருந்து பஸ் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் உட்கார வேண்டும். கார் எடுத்தால் சிக்கல் தீர்ந்தது. 1949 ஜெனிவா ஒப்பந்த முறையிலான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஜப்பான் ஏற்கிறது. இந்தியா, இலங்கை இரண்டிலும் அது கிடைக்கும். சாலையிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான். வழியில் அலைகள் அரித்த வரிவரியான பாறைத் தட்டு சூழ்ந்த ஆவோஷிமா தீவும் அதன் ஆலயமும் கிடைக்கும். வாடகைக்கு மேல் எரிபொருளும் சுங்கமும் உங்கள் கணக்கு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த இடம் வேண்டாம். இறங்கிய படிகள் எல்லாவற்றையும் ஏறித்தான் திரும்ப வேண்டும்.

## யாருக்கு எது?

முதல் பயணம், கியோட்டோ அல்லது ஒசாகா திட்டத்தில் இருக்கிறது என்றால் இட்சுகுஷிமா. ஓர் இரவு தங்க முடிந்தால் தங்குங்கள். முடியாவிட்டால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பகல். வயதான பெற்றோருடன் என்றாலும் இதுவே. மிசென் மலையை மட்டும் விட்டுவிடலாம்.

இசேக்குப் போவது உறுதி என்றால் ஃபுதாமியைச் சேருங்கள். இசே இல்லையென்றால் ஃபுதாமியும் வேண்டாம். டோக்கியோவை விட்டு நகர முடியாதவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை ஓஆராய், மற்ற மாதங்களில் எனோஷிமா. இரண்டாம் முறை போகிறவர்கள், கார் ஓட்டத் தயங்காதவர்கள், கூட்டத்தைக் கண்டால் எரிச்சல் அடைபவர்கள் உடோவுக்குப் போங்கள்.

எங்கே போனாலும் தயங்க வைக்கும் ஒன்று: செருப்பு. இந்த நான்கு இடங்களிலும் வெளியே கழற்றத் தேவையில்லை. இட்சுகுஷிமாவின் மரநடைபாதையிலும் செருப்புக் காலோடுதான் எல்லோரும் நடக்கிறார்கள். பூசைக்காக உள்மண்டபத்துக்குள் அழைத்தால் மட்டும் கழற்றுங்கள். வாசலில் தலைவணங்கி, நடுவழியை விட்டு ஓரமாக நடந்து, கைகழுவி வாய்கொப்பளித்து, சந்நிதியில் இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல்காலம். 1991, 2004 புயல்களில் இட்சுகுஷிமா கடுமையாகச் சேதமடைந்தது. கடல் மிகையாக ஏறும் நாள்களில் நடைபாதை மூழ்கி, ஆலயத்தை மூடுவதும் உண்டு. உடோவில் காற்று மட்டுமல்ல, கனமழையில் கடலோரச் சாலையும் மூடப்படலாம். செப்டம்பரில் மியாசாகிக்கு விமான டிக்கெட் எடுப்பதானால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள்.